சுவர் முழுக்க ஒரே பெண்

கொட்டகலையில் ஒரு பாடசாலையிலிருந்து, உயர்தரப் பரீட்சைக்குச் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கலை வரலாறு சொல்லித்தர முடியுமா என்று கேட்டபோது, நான் கொஞ்சமும் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். கொழும்பில் அதையேதான் பட்டத்துக்குப் படித்திருந்தேன். படித்து முடித்து ஹட்டனுக்குத் திரும்பி, ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படித்ததைப் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் எதையாவது ஆரம்பித்தால் அம்மா, "செத்துப்போன வெள்ளக்காரனுக்கு இப்ப என்னா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார்.

முதல் நாள் ஒரு கட்டு நோட்ஸோடு போனேன். வகுப்பில் பத்துப் பேர்கூட இல்லை. சிலர் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தவர்கள். சிலர் ஒருமுறை பரீட்சை எழுதிவிட்டு மறுபடி எழுதக் காத்திருந்தவர்கள். எல்லோருக்கும் கை நன்றாக ஓடியது. மேசை மேல் கிடந்த அவர்களுடைய படங்களைப் பார்த்தபோதே அது தெரிந்தது. அதில் ஒரு பையன் ஆட்டோக்களின் பின்பக்கத்தில் கழுகும் நெருப்பும் வரைந்து ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டிருந்தான். றொசல்லயிலிருந்து ரயிலில் வரும் உயரமான ஒரு பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாருடனும் பேசாமல், மேசை விளிம்பிலேயே எதையோ பென்சிலால் கீறிக்கொண்டிருந்தாள்.

நான் எகிப்தில் ஆரம்பித்தேன். ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ ஓவியன் கையைத் தூக்கினான்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. நாங்க படம் வரையிறவங்க. செத்துப்போனவங்க எந்த வருஷம் என்னா வரஞ்சாங்கன்னு மனப்பாடம் பண்ணி எங்களுக்கு என்னாத்துக்கு?"

அம்மாவின் கேள்வி இங்கேயும் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பரீட்சையில் புள்ளி வரும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன். மைதானத்துக்கு அப்பால் இருந்த தேயிலை மலையைப் பனி விழுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் தெரிந்த, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரைகள் இப்போது இல்லை.

"சரி, கொப்பிய மூடுங்க. வெளிய தெரியிற பனிய வரைங்க" என்றேன்.

உடனே உற்சாகமாகிவிட்டார்கள். ஒருத்தி வெள்ளைப் பூச்சை எடுத்துக் காகிதம் முழுக்க இழுத்தாள். இன்னொருவன் பென்சில் கரியை விரலால் தேய்த்தான். அழிப்பானால் அழித்து அழித்துப் பார்த்தவர்களும் உண்டு. அரை மணி நேரம் போனதும் ஆட்டோ ஓவியன் தன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பனி இல்ல மிஸ், அடுப்புப் புகை வந்திருச்சு" என்றான்.

அப்போதுதான் நான் கொண்டுவந்திருந்த புரொஜெக்டரை எடுத்தேன். சுவரில் ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பித் தொங்கவிட்டோம். சீனத்தில் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் மையால் வரைந்த ஒரு மலைக் காட்சியைப் போட்டேன். கீழே சில மரங்கள். மேலே மலை முகடு. நடுவில் பனி.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. றொசல்லப் பெண் எழுந்து நேராக முன்னால் வந்தாள். வெளிச்சம் அவள் முதுகில் விழ, மலையின் பாதி அவள் தோளில் ஏறிக்கொண்டது. பெட்ஷீட்டில் பனி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மிஸ், இங்க ஒண்ணுமே போடல."

"ஆமா."

"ஒண்ணுமே போடாம விட்டுட்டாங்க! வெறுங் காகிதம் மிஸ் இது! நம்மதான் பனின்னு நெனச்சுக்கிறோம்!"

அதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. எல்லோரும் திரைக்கு முன்னால் வந்து முட்டிக்கொண்டார்கள். "இது பட்டிப்பொல ஸ்டேஷன்தான், ரயிலு மட்டுந்தான் இல்ல" என்றான் ஒருவன். ஆட்டோ ஓவியன் தன் படத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, புதுக் காகிதத்தில் மேலே ஒரு முகடு, கீழே ஒரு கூரை மட்டும் போட்டான். நடுவில் தூரிகை படவே இல்லை. தள்ளி வைத்துப் பார்த்தான். "வந்திருச்சு மிஸ்! பனி வந்திருச்சு!" என்று கத்தினான்.

அன்று மாலை ஹட்டன் பஸ்ஸில் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. கொழும்பில் இருட்டறையில் அதே படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆண்டையும் வம்சத்தின் பெயரையும் எழுதிக்கொண்டேன். வெறுங் காகிதம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கத்தவேண்டும் என்று தோன்றியதில்லை. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தினம் வருகிற பனிக்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டு என்றும் தோன்றியதில்லை. அந்த யோசனையில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போய், மழையில் திரும்பி நடந்தேன். அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் நான் ஆண்டிலிருந்து ஆரம்பிப்பதை விட்டுவிட்டேன். முதலில் அவர்களுக்கு ஒரு சிக்கலைக் கொடுப்பேன். அதைத் தீர்க்க முடியாமல் அவர்கள் திணறும்போது, வேறொரு காலத்தில் வேறொருவர் எப்படித் தீர்த்தார் என்று காட்டுவேன். மழையை எப்படி வரைவது? ஜப்பானில் மரத்தில் செதுக்கி அச்சிட்ட படங்களில் மழை மெல்லிய கறுப்புக் கோடுகளாக விழுவதைக் காட்டினேன். "மழை கறுப்பாவா இருக்கு?" என்று பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். மீதிப் பேர் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்து, "கறுப்புத்தான், பாருங்கடா" என்றார்கள். அறைக்குள் சாரல் அடித்துக் காகிதங்கள் நனைந்தன.

ஒற்றை ஜன்னலின் வெளிச்சத்தில் ஒரு வேலைக்காரப் பெண் பால் ஊற்றும் பழைய டச்சுப் படத்தைக் காட்டிய வாரம், ஆட்டோ ஓவியன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அடுத்த வாரம் தொலைபேசியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். லயத்து அடுப்படியில் அவனுடைய அம்மா மாவு பிசைகிறார். இடப்பக்கத்துச் சின்ன ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவர் கையிலும் கன்னத்திலும் விழுகிறது.

"எங்க வீடு இருட்டுன்னுதான் மிஸ் இத்தன நாளும் நெனச்சேன்" என்றான். "இருட்டு இல்ல. ஒரு பக்கத்து வெளிச்சம்."

இந்த நிலையில்தான் சுவர் வந்தது.

பாடசாலைக்குக் கீழே, பிரதான வீதியை ஒட்டி, மண் சரியாமல் கட்டிய நீளமான சுவர் ஒன்று உண்டு. பழைய மாணவர்கள் அதற்கு வெள்ளையடித்து, பூச்சு வகைகளும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சித்திரம் படிக்கும் பிள்ளைகளே அதில் வரையட்டும் என்று பாடசாலை அதிபர் முடிவு செய்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் மனதில் படம் ஏற்கெனவே முடிந்திருந்தது: நீர்வீழ்ச்சி, அதன் கீழே இரண்டு அன்னம், பின்னால் சூரிய உதயம், ஓரத்தில் கூடையோடு சிரிக்கும் இரண்டு பெண்கள்.

"தேயிலப் பெட்டியில இருக்கிற படந்தானே அது" என்றாள் றொசல்லப் பெண். வகுப்பில் இப்போது அவள் நன்றாகப் பேசத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு வேறு யோசனை இருந்தது. ஒரு பெண்ணின் ஒரு நாள். விடியுமுன் எழும்புவது, பெரட்டுக்கு ஓடுவது, கொழுந்து பறிப்பது, நிறுவைக்கு நிற்பது, திரும்பி வருவது, சமைப்பது, படுப்பது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வேலையை நிரை பிரித்துக் கொடுக்கும் அந்தக் காலைப் பெரட்டுக்கு ஓடாத அம்மா அங்கே யாருக்கும் இல்லை.

ஆனால் அதை எப்படி வரைவது என்பதில் சண்டை வந்தது. பெட்டி பெட்டியாகப் பிரிக்கலாம் என்றார்கள். வரைந்து பார்த்தால் கலண்டர் மாதிரி வந்தது. பெட்டி இல்லாமல் வரைந்தால் ஒரே மாதிரி பல பெண்கள் கூட்டமாக நிற்பதுபோல் இருந்தது. இரண்டு வாரம் இதிலேயே போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் நன்றாகத் திணறட்டும் என்று காத்திருந்தேன். உள்ளே எனக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் எந்தச் சிக்கலில் நிற்கிறார்கள் என்பதும், அதை யார் எங்கே தீர்த்துவைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்ல. கண்டிக்குப் போறோம்" என்றேன்.

காலை ரயிலில் கொட்டகலையில் ஏறினோம். றொசல்லயில் அவள் ஏறிக்கொண்டாள். சோற்றுப் பார்சல்கள் நாவலப்பிட்டிக்கு முன்பே தீர்ந்துவிட்டன. கண்டியிலிருந்து பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டி, கிராமத்துப் பாதையில் நடந்து, ஒரு பழைய குகை விகாரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாறைக்குள் குடைந்த சின்ன மண்டபம். உள்ளே இருட்டு. காவலுக்கு இருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். றொசல்லப் பெண் பதில் சொன்னாள். இத்தனை தூரத்திலிருந்து சுவரைப் பார்க்கவா என்று அவருக்கு ஆச்சரியம். படத்துக்குக் கெடுதி என்பதால் கமராவின் பிளாஷ் கூடாது என்றார். தானே டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெளிச்சம் பட்ட இடத்தில் சிவப்பு எழுந்தது. சுவர் முழுக்க அடர்ந்த சிவப்புப் பின்னணி. அதில் வரிசை வரிசையாக மனிதர்கள், யானைகள், பூக்கள். தன்னிடம் இருப்பதையெல்லாம் தானம் கொடுத்துவிடும் ஓர் இளவரசனுடைய கதை அது; புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று. கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. பெரியவரின் டோர்ச் மெதுவாக நகர்ந்தது. பிள்ளைகளும் சுவரோடு சேர்ந்து நகர்ந்தார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க" என்றாள் றொசல்லப் பெண். தமிழில் சொன்னது பெரியவருக்கும் விளங்கிவிட்டது, நின்றார். "மிஸ், இவரு இப்பத்தானே அங்க இருந்தாரு? இங்கயும் இவருதான். அங்க பாருங்க, அங்கயும்! ஒரே ஆளு!"

"பெட்டி எங்கடி?" என்றான் ஆட்டோ ஓவியன்.

"பெட்டியே இல்லடா! மரம்! மரத்த வச்சுப் பிரிச்சிருக்காங்க! மரத்துக்கு இந்தப் பக்கம் காலையில, அந்தப் பக்கம் வேற நாளு!"

அவள் குரல் குகைக்குள் மோதித் திரும்பியது. கோயிலில் இப்படிக் கத்தக்கூடாது என்று நான் பதறிப்போய்ப் பெரியவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், இப்படி ஒருவரும் பார்த்ததில்லை என்றார். "ஆயெத் பலன்ன" என்று சொல்லி, டோர்ச்சை மறுபடி முதல் மூலைக்குக் கொண்டுபோனார். இன்னொரு தரம் பாருங்கள் என்று அர்த்தம். நாங்கள் இன்னொரு தரம் பார்த்தோம். அதற்குப் பிறகும் ஒரு தரம் பார்த்தோம்.

திரும்பி வரும் ரயிலில் ஒருவரும் தூங்கவில்லை. "நமக்கு எந்த மரம்?" என்பதே பேச்சு. தேயிலைச் செடி இடுப்புயரம், அது பிரிக்காது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைக்கு நடுநடுவே நிழலுக்கு நட்ட சவுக்கு மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் காட்டி நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வண்டியில் இருந்த ஒரு குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

மாதிரிப் படத்தை நீளமான காகிதத்தில் வரைந்து முடித்து, அதிபரின் மேசையில் விரித்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"அன்னம் எங்க?"

அவர் விரல் படத்தின் நடுவுக்குத் திரும்பி வந்தது.

"ஒரே அம்மா எதுக்கு இத்தன எடத்துல நிக்கிறாங்க? பாக்கிறவங்க பிள்ளைங்க பிழையா வரஞ்சிட்டாங்கன்னு நெனப்பாங்களே மிஸ்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் றொசல்லப் பெண் பேசத் தொடங்கிவிட்டாள்.

"பிழை இல்ல சார். இது இந்த நாட்டுலயே இருக்கிற பழைய முறை. கண்டியில குகைக்குள்ள பாத்துட்டு வந்தோம். ஒரு இளவரசர் ஒரே சுவர்ல திரும்பத் திரும்ப வர்றாரு. ஊர விட்டுப் போறாரு, காட்டுல இருக்காரு, திரும்பி வர்றாரு. நடுவுல மரந்தான் பிரிக்கும். பாக்கிறவங்க நடந்துக்கிட்டே பாக்கணும் சார். நம்ம சுவரும் ரோட்டுப் பக்கந்தானே? யாரு நின்னு பாக்கப் போறாங்க? நடந்து போவாங்க, பஸ்ல போவாங்க. அவங்க போகப் போக இந்த அம்மாவும் கூடவே போவாங்க."

குகையும் மரமும் நான் காட்டியவை. நடந்துகொண்டே பார்ப்பது என்பதும் புத்தகங்களில் இருப்பதுதான். ஆனால் எங்கள் சுவரில் அந்தப் பெண் பஸ்ஸோடு கூடவே போவாள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை. ஒரு பழைய சுவரைப் பார்த்துவிட்டு வந்து, அதை வைத்துப் புதிதாக ஒன்றை யோசித்து, அதை அதிபர் முன்னால் நிமிர்ந்து நின்று சொல்கிறாள். அந்த அறையில் ஏதாவது கத்திவிடாமல் இருக்க மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அதிபர் படத்தின் முதல் முனைக்குத் திரும்பினார். "கல்விப் பணிமனையிலருந்து வந்து கேட்டாங்கன்னா?"

"நானே சொல்றேன் சார். சிங்களத்துலயும் சொல்றேன்."

"அதெல்லாம் சரி. ஆனா இவங்க எங்கயுமே சிரிக்கலையேம்மா?"

"கடைசில சிரிக்கிறாங்க சார்" என்றான் ஆட்டோ ஓவியன். "பாருங்க, இங்க. டீவியில நாடகம் பாக்கும்போது."

அதிபர் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுலயும் அப்பத்தான் சிரிக்கிறாங்க" என்றார். "சரி, போடுங்க. எனக்காக ஒரேயொரு நீர்வீழ்ச்சி மட்டும் சேத்துக்குங்க."

அவர்கள் நீர்வீழ்ச்சியை ஒரு சவுக்கு மரத்துக்குப் பதிலாக, இரண்டு காட்சிகளைப் பிரிக்கும் இடத்தில் வைத்தார்கள். அவருக்கும் திருப்தி, படத்துக்கும் கெடுதி இல்லை.

விடுமுறையில் வேலை தொடங்கியது. முதல் வாரமே, மழைக்கு மறைப்பாகக் கட்டியிருந்த தறப்பாள் காற்றில் பிய்த்துக்கொண்டு போய், பெரட்டுக் காட்சி மழையில் வழிந்துவிட்டது. பிள்ளைகள் அதைக் கழுவிவிட்டு மறுபடி வரைந்தார்கள். இரண்டாவது முறை வரைந்தது இன்னும் நன்றாக இருந்தது. பெண் இப்போது உண்மையிலேயே ஓடினாள்.

பின்னேரங்களில் மலையிலிருந்து இறங்கும் பெண்கள் சுவருக்கு முன்னால் நிற்கத் தொடங்கினார்கள். முதலில் தூர நின்றார்கள். பிறகு கிட்ட வந்தார்கள்.

"அடியே, இது நாந்தான்டி. பெரட்டுக்கு லேட்டா ஓடுறேன் பாரு."

"நீயா? உனக்கு இந்த ஒயரம் ஏதுடி? இது நான்."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே, படத்தில் இருக்கும் பெண்ணோடு சேர்ந்து அடுத்த மரம் வரை நடந்தார்கள். பிறகு அதற்கடுத்த மரம். ஒருவரும் அவர்களுக்கு இப்படிப் பாருங்கள் என்று சொல்லவில்லை. தூரிகையைப் பிடித்தபடி றொசல்லப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் பெரிதாகியிருந்தன. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கடைசியில் ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. இந்தப் பொம்பளைக்கு ஏன் தோடு போடல?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்து பறிக்கும்போது தோடா, அது உண்மையாக இருக்குமா என்று ஒருவன் இழுத்தான். அதற்கும் அவர்களே ஒரு பெரிய விவாதம் நடத்தினார்கள். குகைச் சுவரில் காட்டுக்குப் போகிறவர்களும் நகை போட்டிருந்தார்கள் என்று ஒருத்தி நினைவுபடுத்தினாள். கேட்டவர் காதில் சின்னத் தோடு இருந்ததையும் சுட்டிக்காட்டினாள். அதோடு விவாதம் முடிந்தது. ஆட்டோ ஓவியன் ஏணியை நகர்த்தி நகர்த்தி, சுவரில் அந்தப் பெண் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தான். தோடு கேட்டவர் அவன் முடிக்கும்வரை கூடவே வந்து, "அந்தக் காதுல இன்னுங் கொஞ்சம்" என்று மேற்பார்வை பார்த்தார்.

இப்போதும் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது நான் சுவர்ப்பக்கத்து இருக்கையில்தான் உட்காருவேன். வண்டி வேகமாகப் போனால் பெண்ணும் வேகமாகப் போகிறாள். வாகன நெரிசலில் நின்றால் அவளும் நிறுவையில் காத்து நிற்கிறாள்.

றொசல்லப் பெண் கொழும்பில் கட்புலக் கலை படிக்கப் போய்விட்டாள். வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுவாள். பெரும்பாலும் ஏதாவது ஒரு விரிவுரையாளரோடு வாதாடியது பற்றி. வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. புதியவர்கள் வந்திருக்கிறார்கள். கண்ணாடியை எப்படி வரைவது என்று இந்த மாதம் திணறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டோ ஓவியன் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. சொந்த ஆட்டோ ஒன்றை ஓட்டிக்கொண்டு வரைகிறான். ஹயருக்குப் போகும் இடமெல்லாம் சுவர்களையும் கூரைகளையும் பார்த்துக்கொண்டே போகிறான் போலிருக்கிறது. எங்கள் வேதக்கோயிலில் நிற்கும் சுரூபத்தின் உடை மடிப்பு ஏன் கல் மாதிரி இருக்கிறது, கோபுரத்துப் பொம்மைக்கு யார் நீலம் அடித்தது என்று குரல் செய்தி அனுப்புவான். பாதிக்குப் பதில் தெரியும். பாதிக்குத் தேடவேண்டும்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினான். மஸ்கெலியாப் பக்கம் தோட்டமொன்றில், பூசை நடக்காத ஒரு பழைய சின்ன வேதக்கோயில். பலகைக் கூரையின் உட்புறத்தில் ஓவியம். தூசும் ஒழுக்குக் கறையும். அவற்றுக்கு நடுவே சிறகு விரித்த ஒரு சம்மனசு, அதன் காலடியில் மேகம், மேகத்துக்குக் கீழே கூம்பாக ஒரு மலை.

"மிஸ், இது சிவனொளிபாதமலையா இல்லயா? நீங்களே சொல்லுங்க. யாரு வரஞ்சதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல."

படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அந்த மலைதான். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப் படத்தைப் பார்த்துச் சம்மனசை வரைந்த ஒருவர், மலையை மட்டும் வாசலில் நின்று பார்த்து வரைந்திருக்கிறார். என்னிடம் இருந்த புத்தகங்களில் தேடினேன். கொழும்பில் எனக்குப் படிப்பித்தவரிடம் கேட்டேன். அவர் அப்படி ஒன்று இருப்பதாகவே கேள்விப்பட்டதில்லை. யாரும் எழுதவில்லை. நான் படித்த எந்த வரலாற்றிலும் அந்தக் கூரை இல்லை.

இன்று ஞாயிறு. அவன் காலையிலேயே வாசலில் வந்து ஹோன் அடிக்கிறான். பின் இருக்கையில் புது வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா, "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்று உள்ளிருந்து சத்தம் போடுகிறார். நான் டோர்ச்சைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"சீக்கிரம் வாங்க மிஸ்!" என்று கத்துகிறான். "தோட்டத்துலருந்து ஏணி எடுத்து வச்சிருக்கோம்னு போன் பண்ணிட்டாங்க!"